குஞ்சுகளுக்குக் காற்று

ஏஞ்சல் மீன் குஞ்சு பொரித்தவுடன் அதற்குத் தீனி போடக் கூடாது. நிறையப் பேர் ஆசையில் போட்டுத்தான் கெடுக்கிறார்கள். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு தீர்ந்து, அது தானாக நீந்தத் தொடங்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். நான் பொறுமைசாலி, ஐயா. அண்ணனைக் கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. ஹாலில் கட்டில், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், மூக்கில் குழாய். அண்ணி போன பிறகு எல்லாமே நான்தான். எனக்குத் தலை நரைத்த பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும், ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும், தம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். கெட்ட மனிதர் இல்லை. என் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பாப்பா" என்பார். அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் இதைச் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மீன் தொட்டி எதிர்ச் சுவரோரம் இருந்தது. ஏஞ்சல் மீன் இலையில் முட்டையிட்டு, ஆணும் பெண்ணுமாக மாறி மாறிக் காவல் நிற்கும். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஆனால் பயந்துவிட்டால், காத்த முட்டையைத் தானே தின்றுவிடும். அண்ணன் கம்பியில் தட்டும்போதெல்லாம் பயந்தது. ஒவ்வொரு தடவையும் தின்றது. நான் உட்கார்ந்து அழுதேன். "பெத்ததுங்களே சாப்பிட்டுட்டு ஜம்முனு இருக்கு, உனக்கென்ன பாப்பா" என்று சிரித்தார். சிரித்தாலே அவருக்கு இருமல் வரும். முதுகைத் தடவிவிட்டேன்.

இந்தத் தடவை முட்டையை இலையோடு கத்தரித்து எடுத்து, சின்னத் தொட்டி ஒன்றில் தனியாக வைத்தேன். தாய் விசிறுவதற்குப் பதிலாக ஏர் பம்ப். குஞ்சுகள் பொரித்தன. இலையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டின. பிறகு ஒருநாள் காலையில் எல்லாம் மொத்தமாக நீந்தின. நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்தன. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஒரே ஒரு பிளக்தான். மல்டி பிளக் மாட்டி ஒருமுறை கருகிவிட்டது. "இனிமே அண்ணன் மெஷினைத் தவிர இதுல எதையும் மாட்டாதீங்கக்கா" என்று எலக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் மாட்டியதில்லை.

ஏர் பம்ப் நின்றதும் குமிழ் நின்றது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாய் இருப்பதே தெரியாத உயிர்கள், ஐயா. அதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா நிற்க முடியும்? அண்ணன் மெஷினைப் பிடுங்கிவிட்டு ஏர் பம்பை மாட்டினேன். இதோ கரண்ட் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மெஷின் கீ கீ என்று கத்தியது. குஞ்சுகளுக்குச் சத்தம் ஆகாது. கத்தலை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு, நிறுத்தினேன்.

"பாப்பா, மெஷின்..."

"இருங்கண்ணா, வந்துட்டேன்."

"மூச்சு முட்டுது பாப்பா."

"இதுங்களுக்கும்தாண்ணா முட்டுது."

அதற்குப் பிறகு அவர் தம்ளரால் கம்பியில் தட்டினார். குஞ்சுகள் சிதறி ஓடின. நான் போய்த் தம்ளரை வாங்கிக்கொண்டேன். பிடித்து வைத்துக்கொள்ள அவர் கையில் தெம்பில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் முடிந்திருக்காது. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் அதுகள், நடுவில் ஒரு பிளக். நான் என்ன செய்வேன்? அழுதுகொண்டேதான் நின்றேன்.

கரண்ட் வந்ததும் மெஷினைச் சுவர்ப் பிளக்கில் மாட்டி, மூக்குக் குழாயைச் சரிசெய்தேன். அது பாட்டுக்கு ஓடியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததுதானே என்று என் தோளைத் தட்டினார். எலக்ட்ரீஷியன்தான் துக்கம் கேட்க வந்த இடத்தில் இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டார். ஏர் பம்ப் அதிலேயே இருந்தது. குமிழை ஒரு நிமிடம் நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

மீன் கடைக்காரரையும் விசாரித்தீர்கள் என்றார்கள். கரண்ட் போனால் பம்ப் இல்லாமலே சமாளிக்கலாம், தொட்டித் தண்ணீரை ஒரு தம்ளரால் மொண்டு மேலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தால் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும் என்றாராம். உண்மைதான். எனக்கும் தெரியும். பெரிய மீன்களுக்கு நானே எத்தனையோ தடவை அப்படி ஊற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு ஏன் ஊற்றவில்லை என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அவசரத்தில் கைக்கு எதுவும் அகப்படவில்லை, ஐயா. கரண்ட் வரும்வரை, அண்ணனிடமிருந்து வாங்கிய தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.