ஆறு செகண்டுக்கு முப்பது அடி

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு.

"எரியுற கூரை விழ ஆறு செகண்டு இருந்துச்சு. வாசல் நாப்பது அடிதான். அதுக்குள்ள செத்துட்டாளேடி!" என்றாள் ஜன்னலோரத்தவள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கை அப்படியே நின்றது.

"கதை விளையாட்டுல உன் ஆளு செத்ததுக்கு இப்படிக் கத்துறியே! ஆறு செகண்டுக்கு முப்பது அடிதான் ஓடலாம்னு ரூல் புக்ல இருக்கு. கதையை நடத்துறது நான்தான், அதுக்காக ரூலை மாத்த முடியுமா?"

"எட்டு மாசமா பகடை உருட்டி வளர்த்த ஆளுடி!"

மாம்பழச்சாலையில் பஸ் நின்றது. தலையில் கூடையோடு ஒரு பூக்காரம்மா பஸ்ஸை ஒட்டியே பின்னாலிருந்து நடந்து வந்தார். ஜன்னலோரத்தவள் தலையை நீட்டி, அவர் பின்படியைத் தாண்டியதிலிருந்து வாய்விட்டு எண்ணினாள். ஆறு என்றபோது அவர் டிரைவரையும் கடந்துவிட்டார்.

"இந்த பஸ் எவ்வளவு நீளம் இருக்கும்?"

மற்றவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "முப்பது அடி... இருக்கும்." குரல் இறங்கிவிட்டது.

"அப்ப, வீடே பத்தி எரியுது, என் ஆளு பூ விக்கப் போற மாதிரி நடந்தா வந்தா?"