அனுமதிப் பட்டியல்

நேரம் இரவு ஏழே முக்கால். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, குடோன்கள் முடிந்த பிறகு ஒரு சாலை போகும்... இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மதில் சுவர். விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது.

முதலில் எல்லாரும் ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் மூஞ்சியில் அடித்தால் எனக்குக் கதை வராது.

பைக்கில் போனவர் அந்நியர் இல்லை. இதோ, மூலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறானே நம் டிரைவர் தம்பி... அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அவனைக் கேட்காதீர்கள், வாயைத் திறக்க மாட்டான். அதனால்தான் நான் சொல்கிறேன்.

அவருக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். சட்டைக் காலரில் எப்போதும் ஒரு குண்டூசி குத்தியிருக்கும், அதனால் ஊசி என்றுதான் கடைத்தெருவில் கூப்பிடுவார்கள். ரூட்டரின் முதுகில் பொடித் துளை ஒன்று இருக்கிறதல்லவா? அதில் ஊசியை விட்டுப் பத்து எண்ணும் வரை அழுத்தினால், ரூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பிறந்த குழந்தை ஆகிவிடும். அதற்குத்தான் ஊசி. கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் கோபம் மூக்கு நுனியில். "என்னால முடியலைன்னு திரும்பி வந்த வீடு ஒண்ணு காட்டு" என்று சவால் விடுகிற ஜாதி.

அன்றைக்கு அவர் அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது. இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல். "ஒன்பது மணிக்குள்ள வந்திடுங்க, நான் ஒருத்தியா கிடந்து அல்லாடுறேன்" என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். குழந்தையின் கட்டிலுக்கு மேலே அவரே ஒரு குட்டிக் கேமரா மாட்டியிருந்தார். எங்கே இருந்தாலும் ஃபோனில் பார்க்கலாம். இங்கிருந்து பேசினால் அங்கே குரலும் கேட்கும். சாலையோரம் பைக்கை நிறுத்தி ஒரு தடவை பார்த்தார். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஈரத்துணி.

சாலைக் கடைசியில் அந்த வீடு. கதவைத் திறந்த பெண் வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"ஆறு மணிக்கு வரேன்னீங்க. இப்ப என்ன மணி?"

"மேடம், எனக்கு நீங்க ஒரு வீடு மட்டும் இல்ல."

"நாளைக்குக் காலைல எனக்கு ஆன்லைன் தேர்வு. லேப்டாப் வைஃபையில சேர மாட்டேங்குது. பேசாம வேலையைப் பாருங்க."

அந்தப் பெண்ணின் கணவன் உள்ளே நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது ஆள், அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு. "எங்கப்பா ரூம்லதான் ரூட்டர் இருக்கு. எதையும் மாத்திடாதீங்க" என்றார். அதற்கு மனைவி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... பச்சைத் தண்ணீரே கொதித்திருக்கும்.

அது ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மேசை உள்ள அறை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கட்டிலின் தலைமாட்டில், கைக்கெட்டும் தூரத்தில் ரூட்டர். அறை முழுக்கத் தைல வாசனை. பழைய வாசனை இல்லை... இப்போதுதான் யாரோ நெற்றியில் தேய்த்துக்கொண்ட மாதிரி, கண்ணைக் கரிக்கிற வாசனை.

நம்மவர் மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். வைஃபை பெயர் தெரிந்தது. பாஸ்வேர்டு போட்டார். சுற்றியது, சுற்றியது... இணைக்க முடியவில்லை. அணைத்துப் போட்டார், பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தார், லேப்டாப்பில் வைஃபையை இயக்குகிற மென்பொருளைக் கழற்றி மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வீட்டில் மற்ற எல்லாம் இணைந்திருந்தன. கணவனின் ஃபோன், டிவி, மாடியில் இருந்த பழைய கம்ப்யூட்டர் கூட.

கோளாறு லேப்டாப்பிலா, ரூட்டரிலா? அதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி உண்டு. தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அந்த நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்துப் பார்ப்பார். சேர்ந்தால் லேப்டாப் நல்லது. சரியான வழிதான். ஆனால் அவர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கும் தன் வீட்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. வீட்டு நெட் படுத்துவிட்டால் குழந்தையின் கேமரா தானாக ஃபோனைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதற்காக. மனைவி அன்றைக்கே சொன்னார்கள்: "வீட்டுச் சாவியைத் தெருத் தெருவா எடுத்துட்டுப் போறீங்க." இவர் சிரித்தார். "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்டி. நானே அடிப்பேன், முடிஞ்சதும் அழிச்சிடுவேன்."

யாருக்கும் சொல்ல மாட்டார், உண்மைதான். ஆனால் அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் முணுமுணுப்பார். அது அவருக்கே தெரியாத பழக்கம்.

அந்த அறையில், அந்த மேசையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். கடைசி எழுத்து வரும்போது தைல வாசனை காதோரத்துக்கு வந்தது. திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. கணவனும் மனைவியும் வாசற்படிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்கள். இருவருமே அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

லேப்டாப் சட்டென்று ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் கோளாறு ரூட்டரில். கணவனின் ஃபோனை வாங்கி, அது வழியாக ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தார். விஷயம் விளங்கியது.

"இதுல அனுமதிப் பட்டியல்னு ஒண்ணு போட்டு வச்சிருக்கு மேடம். அதுல இருக்கிறது மட்டும்தான் சேரும். உங்க லேப்டாப் அதுல இல்ல."

அந்தப் பெண் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "நாலு வருஷமா இல்ல. கல்யாணமாகி இந்த வாசல்ல கால் வச்சதும் மாமனார் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'யாரைக் கேட்டு உள்ள வந்த?' தண்ணி குடிக்கப் போனாலும் ஒரு செருமல், அதே கேள்வி. சரியா ஒன்பது மணிக்குச் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவார். அதோட வீட்டுல நெட் கிடையாது, லைட் கிடையாது, பேச்சுக் கிடையாது. இருபது நாள் முன்னாடி போய்ச் சேர்ந்தார். இனிமேலாவது..."

"செத்தவரைப் பத்திப் பேசாதே" என்றார் கணவன்.

"இருந்தப்பவும் பேச விடல. நீங்களும் வாய் திறக்கல."

நம்மவர் இவர்கள் சண்டையில் தலையிடவில்லை. பட்டியலில் லேப்டாப்பைச் சேர்த்தார். சேமித்தார். திரை ஒரு தடவை சிமிட்டியது. லேப்டாப் பட்டியலில் இல்லை. மறுபடி சேர்த்தார். மறுபடியும் காணோம். மூன்றாவது தடவைதான் பட்டியலின் முதல் வரியைப் படித்தார். 'அப்பா.' பக்கத்தில் பச்சைப் புள்ளி. இந்த நிமிஷம் இணைப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பா ஃபோனை யாரு வச்சிருக்கீங்க?"

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. எட்டி, அறைக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டி, அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். ஒரு கைக்குட்டையில் ஃபோன். திரை நொறுங்கிப் போயிருந்தது. பேட்டரி தனியாக, உப்பிப்போய், அதன் பக்கத்தில்.

வேறு யாராக இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். நம்மவருக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. செத்துப்போன ஆள் தன் வேலையைக் கெடுப்பதா? "இப்ப பாருங்க" என்று 'அப்பா' வரியை அழித்தார்.

டொக்... டொக்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருந்து. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

கணவன் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒன்பது ஆகலையே" என்றார் மெதுவாக. எட்டு இருபதுதான் ஆகியிருந்தது.

நம்மவர் காலரிலிருந்து ஊசியை உருவினார். துளையில் விட்டு அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு எண்ணும்போது ஊசி கையை விட்டு நகர்ந்தது. இவர் தள்ளவில்லை. உள்ளே இருந்து இழுத்தது. கொண்டை வரைக்கும் உள்ளே போய்விட்டது. ரூட்டரின் விளக்குகள், அறை விளக்கு எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன.

அந்த இருட்டில் ஒரு பெருமூச்சு கேட்டது. மூன்று பேரும் கேட்டார்கள். மூன்று பேரும் அது தங்களுடையது இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. புது ரூட்டர் மாதிரி. புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. பட்டியல் காலி. லேப்டாப் முதல் தடவையிலேயே சேர்ந்துகொண்டது. அந்தப் பெண் முதன்முதலாக அறைக்குள் காலை வைத்து வந்து, திரையைத் தொட்டுப் பார்த்தார். அழுதுவிட்டார். தைல வாசனை சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

"அவ்வளவுதான். உங்க அப்பா இப்ப இதுல இல்ல" என்றார் நம்மவர் மிதப்பாக.

கணவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல இல்லைன்னா... எங்க போனார்?"

பைத்தியக்காரக் கேள்வி என்று நினைத்தார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பைக்கில் ஏறியதும் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்திருந்தார். 'ஒரு சாதனம் இணைப்பில்' என்று காட்டியது. லேப்டாப்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அணைத்தார். லேப்டாப்தான் பத்து நிமிஷத்துக்கு முன்பே வீட்டு நெட்டுக்குப் போய்விட்டதே? அது அவர் மண்டையில் ஏறியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, அந்த மனிதர் பாட்டுக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார்.

மதில் சுவர்ச் சாலை முடிகிற இடத்தில் நின்று, குழந்தையைப் பார்க்கலாம் என்று கேமராவைத் திறந்தார். சுற்றியது, சுற்றியது... 'உங்களுக்கு அனுமதி இல்லை.'

வீட்டுக்கு ஃபோன் அடித்தார்.

"ஏங்க, பாஸ்வேர்டை மாத்தினீங்களா? என் ஃபோன்ல தப்புன்னு வருது" என்றார்கள் மனைவி.

"நான் ஏன் மாத்துறேன்? பாப்பா?"

"தூங்குறா. ஏங்க, நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன். அவளை எழுப்பி விட்டுடாதீங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"கேமரால பச்சை லைட் எரியுது. பாத்துட்டே இருக்கீங்க, சரி. எதுக்கு இருமுறீங்க? அஞ்சு நிமிஷமா ஒரே செருமல். சளி பிடிச்சிருக்கா? ஏதாவது தைலம் கிய்லம் தேய்ச்சீங்களா? இங்க வரைக்கும் வாசம் வர்ற மாதிரியே இருக்கு."

கேமரா அவரைத்தான் உள்ளே விடவே இல்லையே!

"பாப்பாவைத் தூக்கு" என்று கத்தினார். "ரூட்டர் பிளக்கைப் பிடுங்கு! பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா!"

"ஏங்க கத்து..." என்பதோடு லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவர் அன்றைக்கு எப்படி வண்டி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு சிக்னல், ஒரு நாய், ஒரு தள்ளுவண்டி... எதையும் பார்க்கவில்லை. "என் பிள்ளை, என் பிள்ளை" என்று வாய்விட்டு அழுதுகொண்டே போயிருக்கிறார். வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

மனைவி ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் பிடுங்கிய பிளக். ரூட்டரில் ஒரு விளக்கு எரியவில்லை. "பிளக்கைப் பிடுங்கினேங்க. அப்பவும் உள்ள அந்தப் பச்சை லைட் அணையலை" என்றார்கள். "தூக்கப் போனேன். ரூமுக்குள்ள என்னால கால் வைக்க முடியலை. யாரோ நெஞ்சுல கை வச்சுத் தள்ளுற மாதிரி..."

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. இவர் போய் நின்றபோது கேமராவின் பச்சை விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்தது. குழந்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. நெற்றி மட்டும் பளபளவென்று இருந்தது... எதையோ தேய்த்துவிட்ட மாதிரி. அழவில்லை. இவரைப் பார்த்துக் கையை நீட்டவும் இல்லை.

"பாப்பா... அப்பா வந்துட்டேன்டா..." என்று ஒரு அடி உள்ளே வைத்தார்.

ஹால் கடிகாரம் ஒன்பது அடித்தது. குழந்தை பிஞ்சு விரலை மடக்கி, தலைமாட்டுச் சுவரில் தட்டினாள். டொக்... டொக்.

அவளுக்கு இரண்டு வயது. அதுவரைக்கும் அம்மா, பால், பூனை என்று ஒற்றை ஒற்றை வார்த்தைதான் பேசுவாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். திருத்தமாக, ஒரு எழுத்துக்கூட மழலை இல்லாமல்.

"யாரைக் கேட்டு உள்ள வந்த?"

அதற்குப் பிறகு அவர்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, நம் டிரைவர் தம்பியின் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். வைஃபை வைக்கவில்லை. கேமராவைக் கல்லால் நசுக்கிப் போட்டாகிவிட்டது. அவர் அந்த வேலையையே விட்டுவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறாள், நாலு வயதாகிறது. பகலெல்லாம் அப்பா தோளை விட்டு இறங்க மாட்டாள். அம்மாவைக் கட்டிக்கொண்டுதான் சாப்பிடுவாள். ஒரு குறை சொல்ல முடியாது.

ஒன்பது மணிக்குத்தான்... டொக், டொக்.

அதற்கு மேல் அவர் மகள் படுத்திருக்கிற அறை வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். சில ராத்திரி "வா" என்று பதில் வரும். சில ராத்திரி வராது. வராத ராத்திரிகளில் புருஷனும் பெண்டாட்டியும் வெளியே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருந்து விடிய விடியச் செருமல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.