துடைத்துக் கொடுத்த பழைய கம்ப்ரஸர்

நாள் 09.06.2025, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி.

என் பெயர் ராமதாஸ், வயது 53, தகப்பனார் பெயர் தருமன். நான் திருவண்ணாமலை வேங்கிக்கால் பிள்ளையார் கோயில் தெருவில் என் மனைவி அன்புச்செல்வி, மகள் கவிநிலா ஆகியோருடன் குடியிருந்துகொண்டு கூலி வேலை செய்து வருகிறேன்.

பைபாஸ் ரோட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு ஷெட் இருக்கிறது. அதில் இருபத்திரண்டு வருடங்களாக லாரிகளுக்கு ஏசி வேலை மட்டும் பார்க்கிறேன். கார் வேலை எடுப்பதில்லை. இத்தனை வருடத்தில் நான் மாட்டிய கம்ப்ரஸர் எதுவும் இரண்டு கோடைக்குள் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் நிலைய எழுத்தர் கேட்டார். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

கீழ்பென்னாத்தூரில் மணிலா என்னும் வேர்க்கடலை வியாபாரம் செய்துவரும் அப்பாதுரை என்பவரை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அவரிடம் 2012ஆம் வருடத்து லாரி ஒன்று உள்ளது. ஏசி இல்லாத வண்டிக்கு டிரைவர் யாரும் நிற்பதில்லை என்று அவர் சொன்னதால், ஆறு வருடத்துக்கு முன்பு அந்த லாரியின் கேபினுக்கு நான்தான் ஏசி பொருத்திக் கொடுத்தேன். கடந்த 14.03.2025 அன்று காலை அவரே லாரியை ஓட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்து, கேபினுக்குள் வெறும் காற்றுதான் வருகிறது என்று சொன்னார். அன்று அவருடைய டிரைவர் வேணு லீவில் இருந்தார். நான் பார்த்தபோது, ஏசியின் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. கையால் சுற்றினால் மணலை அரைப்பதுபோல் சத்தம் வந்தது.

அதன் பிறகு அப்பாதுரை முன்னிலையில் புதுக் கம்ப்ரஸரின் பெட்டியைப் பிரித்து, பழையதைக் கழற்றி, பழையதிலிருந்து கிளம்பிய இரும்புத் தூள் புதியதைத் தின்றுவிடும் என்பதால் குழாய்கள் எல்லாவற்றையும் கழுவி, கேஸில் கலந்த ஈரத்தைப் பிடிக்கும் டிரையர் பாட்டிலையும் மாற்றி, குழாயில் மிச்ச ஈரம் போகக் காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸ் நிரப்பி மாலை நான்கு மணிக்கு வண்டியைக் கொடுத்தேன். குழாய் கழுவாமல் மாட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்ததில்லை.

என்னிடம் சில பழக்கங்கள் உண்டு. நான் மாட்டும் கம்ப்ரஸரின் போல்ட் மாட்டும் காதுக்கு அடியில் ‘ரா’ என்ற எழுத்தையும் தேதியையும் பஞ்ச் வைத்து அடிப்பேன். கழற்றிய கம்ப்ரஸரின் அடிப்பக்கத்தில் உளியால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அதன் பிறகு அதிலுள்ள எண்ணெயை வடித்து, டீசல் போட்டுக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, வாய்களுக்குக் கறுப்பு டேப் ஒட்டி, புதியது வந்த அதே பெட்டியில் வைத்துச் சணல் கயிற்றால் கட்டி ஓனர் கையில் கொடுப்பேன். புதுசு போட்டேன் என்பதற்குப் பழசுதான் சாட்சி என்பதால் எங்கள் தொழிலில் எல்லோருமே பழைய பாகத்தைப் புதுப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் எல்லோரும் அழுக்கோடு கொடுப்பார்கள், நான் அழுக்கோடு கொடுப்பதில்லை. அப்பாதுரை அந்தப் பெட்டியை வாங்கிக் கேபினில் படுக்கைக்கு அடியில் வைத்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு 06.06.2025 வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு செங்கம் போன மேற்படி லாரி, ரமணாசிரமத்தைத் தாண்டியதும் கம்ப்ரஸர் இறுகி, பெல்ட் அறுந்து, இன்ஜின் சூடேறி நடுரோட்டில் நின்றுவிட்டதாகவும், அதை இந்தக் காவல் நிலைய வளாகத்துக்கு இழுத்து வந்ததாகவும் கேள்விப்பட்டேன். நின்ற இடத்தில் பார்த்த வேறொரு மெக்கானிக், மாட்டியிருப்பது பழைய கம்ப்ரஸர், உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அப்பாதுரை என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அன்று மதியமே லாரி உரிமையாளர்களின் வாட்ஸப் குழுவில் என் போட்டோவையும் போட்டு, பழசைப் புதுசு என்று மாட்டி ஏமாற்றுகிறவன், யாரும் இவனிடம் வண்டி விடாதீர்கள் என்று எழுதிவிட்டார். அன்றே என் ஷெட்டில் வேலைக்கு நின்ற மூன்று லாரிகளை ஓனர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். கலெக்டர் அலுவலகத்தில் வேலை செய்யும் என் மகள் கவிநிலா, உடன் வேலை செய்பவரின் போனில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள். அவள் கேட்டிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அதன் பிறகு அப்பாதுரை கொடுத்த மோசடிப் புகாரின் பேரில் உதவி ஆய்வாளர் ரேவதி அவர்கள் கூப்பிட்டு அனுப்பியதால் இன்று காலை பத்தரை மணிக்கு இங்கே வந்தேன். அப்பாதுரையும் வேணுவும் முன்பே வந்திருந்தார்கள். மேசை மேல் அந்தப் பெட்டி இருந்தது. அப்பாதுரை அதைக் காட்டி, “இந்தப் பொட்டியதான் மேடம் பிரிச்சுக் காட்டினான். நான் டீ குடிக்கப் போன நேரத்துல பழசையே தொடச்சு மாட்டிட்டான். பதினோரு வருசமா தம்பினு கூப்புட்டேன்” என்றார். புகாரில் வழக்குப் போட்டால் இனி நான் ஷெட்டைத் திறந்து பயனில்லை என்பது எனக்குத் தெரியும். மேசைப் பக்கம் போய்ப் பெட்டியைப் பார்த்தேன்.

பெட்டியில் சணல் கயிறு இல்லை. பழுப்பு நிற டேப் சுற்றி ஒட்டியிருந்தது. என் ஷெட்டில் அப்படி டேப் கிடையாது. உடனே உதவி ஆய்வாளரிடம், மேடம், இது நான் கட்டிக் கொடுத்த கட்டு இல்லை, வேறு யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள், உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள் என்று சொன்னேன். அவர் பிளேடால் டேப்பைக் கிழித்து வெளியே எடுக்கச் சொன்னார். உள்ளே புழுதி படிந்த ஒரு கம்ப்ரஸர் இருந்தது. அதைத் தொடாமலே, காதுக்கு அடியில் பாருங்கள் என்றேன். அவர் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்து, ‘ரா 14 3 25’ என்று சத்தமாகப் படித்தார். அதன் பிறகு எல்லோரும் வளாகத்தில் நின்ற லாரிக்குப் போய், அதில் மாட்டியிருந்த கம்ப்ரஸரின் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். என் உளி போட்ட பெருக்கல் குறி இருந்தது. பழசு வண்டியிலும் புதுசு பெட்டியிலும் இருந்தது.

உதவி ஆய்வாளர் வேணுவைப் பார்த்து, “நீ சொல்லு” என்றார். வேணு, “வியாழக்கெழம மெட்ராஸ்லருந்து வர்றப்போ கூலிங் கம்மியாச்சு மேடம். திண்டிவனத்தாண்ட ஒரு மெக்கானிக்கு கம்ப்ரஸர் போச்சுனாரு. படுக்கைக்குக் கீழ பொட்டி இருந்துச்சு. தொறந்தா பளபளனு இருக்குது. ஓனரு ஸ்பேர் வாங்கி வச்சிருக்காருனு நெனச்சு குடுத்துட்டேன். கழட்டுனத அவரு அதே பொட்டில போட்டு ஒட்டிக் குடுத்தாரு. கேக்காம எடுத்துட்டமேனு ஓனராண்ட சொல்லல” என்றார். அந்த மெக்கானிக்கும் பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எங்கள் முறைப்படிதான் நடந்திருக்கிறார். புதுக் கம்ப்ரஸர் கம்பெனியிலிருந்தே எண்ணெயோடு வரும் என்பதால் பெட்டியை நம்பி எண்ணெய் ஊற்றாமல் மாட்டியிருக்கிறார். நான் வடித்துவிட்ட கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாமல் ஓடி இறுகிவிட்டது.

இதில் என் பக்கத்துத் தப்பு ஒன்று உண்டு. யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். நான் அந்தப் பழையதை அவ்வளவு சுத்தமாகத் துடைக்காமல் இருந்திருந்தால் வேணு அதைப் புதுசு என்று நினைத்திருக்க மாட்டார். பாகத்தில் குறி போட்ட நான் பெட்டியின் மேல் ‘பழசு’ என்று மூன்று எழுத்து எழுதவில்லை. ராமதாஸ் கொடுக்கும் பழசுகூடப் பளபளப்பாக இருக்கும் என்று நாலு பேர் பேசவேண்டும் என்ற ஆசையில்தான் துடைத்தேன். இனிமேலும் துடைப்பேன், ஆனால் பெட்டியில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதுவேன்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர், “நாளைக்கு பௌர்ணமி. பந்தோபஸ்துக்கு வர்ற வண்டிங்கள நான் எங்க நிறுத்துறது? இத எப்ப கெளப்புவீங்க?” என்று கேட்டார். நான் ஷெட்டிலிருந்து என் சாமான்களை ஆட்டோவில் வரவழைத்து, பகல் பன்னிரண்டு மணிக்கு இந்த வளாகத்து வேப்பமரத்தடியில் வேலையை ஆரம்பித்தேன். முதலில் வண்டியின் முன்னால் இருக்கும் ஏசி ரேடியேட்டரைப் பார்த்தேன். மணிலாத் தோல் தூசி கம்பளம்போல் அடைத்திருந்தது. வியாழக்கிழமை கூலிங் குறைந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். இரண்டு பக்கெட் தண்ணீர் அடித்திருந்தால் வண்டி அன்றே சரியாகியிருக்கும். அதன் பிறகு இன்ஜினைச் சோதித்துப் பார்த்து, இறுகிய கம்ப்ரஸரைக் கழற்றி, குழாய்களை மறுபடி கழுவி, டிரையர் பாட்டிலும் பெல்ட்டும் புதிதாகப் போட்டு, பெட்டியில் இருந்த என் கம்ப்ரஸரில் எண்ணெயை அளந்து ஊற்றி மாட்டி, கேஸ் நிரப்பினேன். இரண்டு காவலர்கள் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மாலை நாலே முக்காலுக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டேன். வெளியே முப்பத்தெட்டு டிகிரி, கேபினில் காற்று வரும் இடத்தில் வைத்த என் தெர்மாமீட்டரில் எட்டு. உதவி ஆய்வாளர் ஏறி உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்து, “எங்க ஜீப்புல கூட இவ்ளோ வராது” என்றார். அதன் பிறகு அப்பாதுரையை ஏறச் சொன்னேன். அவர் ஏறி, அதே இடத்தில் கையை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. “தப்பு பண்ணிட்டன்பா” என்றார். “அத என்கிட்ட சொல்லாதீங்கண்ணே, அந்த குரூப்ல சொல்லுங்க” என்றேன். அவர் கேபினில் உட்கார்ந்தபடியே, காலையில் செல்போனில் எடுத்திருந்த ‘ரா’ குறியின் படத்தையும் போட்டு, ராமதாஸ் மேல் தப்பில்லை, தப்பு எங்கள் வண்டியில்தான் நடந்தது என்று எழுதி அனுப்பினார். புகாரையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்துக் கவிநிலா போன் செய்து, “அப்பா, பாத்தேன்” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதும்.

இதில் எழுதியிருப்பது நான் வாயால் சொன்னதுதான். எழுத்தர் முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினார், நான் உடன் படித்துப் பார்த்தேன், கூட்டியோ குறைத்தோ ஒன்றும் இல்லை. ஒரே ஒரு இடம் தவிர. முதல் பாராவில் என் தொழில் கூலி வேலை என்று இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை, அது இங்கே எல்லோருக்கும் எழுதும் வழக்கம் என்று எழுத்தர் சொன்னார். அதை அடித்துத் திருத்தினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னேன். உதவி ஆய்வாளர் சம்மதித்துத் திருத்தச் சொன்னதன் பேரில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) த. ராமதாஸ்

அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று: முதல் பாராவில் ‘கூலி வேலை செய்து வருகிறேன்’ என்பதை ‘லாரி ஏசி மெக்கானிக் தொழில் செய்து வருகிறேன்’ என்று படிக்கவும்.