வரலாம்... வரலாம்...

ஏய், அந்தச் சாக்கைத் தொடாதே. கையை எடு. எடுன்னா எடுக்கணும்.

கரண்ட் போனா போகட்டும், இன்னிக்குப் பட்டறையில வேலை நடந்த மாதிரிதான். எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. மெழுகுவத்தியை நடுவுல வை... இன்னும் கொஞ்சம் தள்ளி, என் மூஞ்சியிலயா கொண்டாந்து வைப்பே? வெல்டர் ஏன் வேலைக்கு வரலைன்னு சாயங்காலத்துலேந்து நச்சரிச்சீங்கல்ல. சொல்றேன். நடுவுல எவனாவது இளிச்சீங்க, நான் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன்.

இது வெல்டரோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருந்தார். நமக்குக் கண்ணாடிக்காரர், அது போதும்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் வீடுங்க, ஒரு பக்கம் தண்ணி. தெருவிளக்கு மூணுல ஒண்ணுதான் எரியும், அதுவும் கண்ணடிச்சிட்டே எரியும். ஈ காக்கா கிடையாது... அந்த நேரத்துல கரையோரப் புதருக்குப் பின்னால பத்துப் பதினஞ்சு பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நம்ம கண்ணாடிக்காரரும் அதுல ஒருத்தர்.

திருடங்க இல்லடா. அந்த ரோட்டுல குடியிருக்கறவங்க. ஏரியைக் காப்பாத்த உக்காந்திருக்காங்க.

அந்த ஏரிக்கு அவங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை, அதையும் சொல்லிடணும். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், வீட்டுக்கு ஒரு ஆள் எறங்கிடுவாங்க. ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில குவிக்கிறது, பாட்டில் பொறுக்குறது, மீன்குஞ்சு வாங்கி விடுறது. கமிட்டிக்குத் தலைவி ஒரு பல்டாக்டரம்மா. பெரிய கல்லு மோதிரம் போட்ட கையால மேஜையில ஒரு தட்டு தட்டினாங்கன்னா, தெருவே வாயை மூடிக்கும். ஒத்துமைன்னா அப்படி ஒரு ஒத்துமை.

இவங்க பகல்ல சுத்தம் பண்ணுவாங்க. ராத்திரியில செப்டிக் டேங்க் லாரி வந்து, பின்பக்கமா ரிவர்ஸ் எடுத்து, மொத்தத்தையும் ஏரியில தெறந்து விட்டுட்டுப் போயிடும். காலையில பாத்தா மீனெல்லாம் வயித்தை மேல காட்டிக்கிட்டு மெதக்கும். நாத்தத்துல ஜன்னலைத் தெறக்க முடியாது. எத்தனை ஆபீஸ் படி ஏறினாங்க! ஒருத்தனும் காதுல போட்டுக்கலை. வயிறு எரியுமா எரியாதா? கண்ணாடிக்காரரோட பொண்ணு, சின்னக் குழந்தை, செத்த மீனை எல்லாம் வாளியில போட்டு வச்சுக்கிட்டு அழுதிருக்கு. அன்னிக்கே அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டார்... "லாரி ஒரு நாள் என் கையில மாட்டட்டும்."

மாட்டுச்சு.

லைட்டை அணைச்சுட்டு மெதுவா ஊர்ந்து வந்துச்சாம் லாரி. கிளீனர் கீழே குதிச்சு, பின்னாடி தடம் பாக்க வந்தான். நல்லா வளந்த தடியன்தான். புதர்லேந்து நாலு பேர் பாஞ்சு, வாயில துண்டைத் திணிச்சு அமுக்கிட்டாங்க. ஒரு சத்தம் வெளியே வரலை. டிரைவருக்கு என்ன தெரியும்? இஞ்சின் ஓடிட்டே இருக்கு. ஜன்னல்லேந்து கத்துறான்.

"டேய், வரலாமா?"

கண்ணாடிக்காரர் சின்ன வயசுல ரெண்டு வருஷம் லாரியில கிளீனரா ஓடினவர். உங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தான்... லாரி பின்னால வரும்போது டிரைவருக்குக் கண்ணு கிளீனரோட கைதான். பாடியில ரெண்டு தட்டு தட்டினா, வரலாம். ஓங்கி ஒரு தட்டு தட்டினா, நிப்பாட்டு. அவ்வளவுதான் பாஷை. அந்தக் கையை நம்பித்தான் அவன் கண்ணை மூடிட்டு வருவான்.

கண்ணாடிக்காரர் குனிஞ்சு ஓடி, லாரிக்குப் பின்னால நின்னார். உள்ளங்கையை விரிச்சு வச்சார்.

டப் டப்... "வரலாம்... வரலாம்..."

லாரி வருது.

டப் டப்... "வரலாம்... வரலாம்..."

புதருக்குள்ள ஒரே சிரிப்பு. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்களாம். பின்சக்கரம் கரையோரச் சேத்துல மாட்டிக்கும், விடியறவரைக்கும் நகர முடியாது, கையும் களவுமாப் பிடிச்சு நாலு பேருக்குக் காட்டிடலாம்... அதுதான் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனா அந்தச் சேறு அங்க இருந்தாத்தானே? ஏரியை ஆழப்படுத்துறோம்னு போன ஞாயித்துக்கிழமைதான் மிஷின் வச்சு எல்லாருமாச் சேந்து அதை வாரி எடுத்திருக்காங்க. கண்ணாடிக்காரரும் கூட நின்னு வாரினவர்தான். அந்த நேரத்துல ஞாபகம் வரலைன்னு சொல்றார். வரலைன்னுதான் இன்னிக்கும் சொல்றார்.

சக்கரம் விளிம்புக்கு வந்ததும் கையை ஓங்கியிருக்கார். ஒரு தட்டு தட்டியிருந்தா நின்னிருக்கும். தட்டலை. ஏன் தட்டலைன்னு வெல்டரே ஒரு நாள் மூஞ்சிக்கு நேரா கேட்டான். இன்னும் கொஞ்சம் போகட்டும்னு தோணுச்சாம்.

போச்சு... பின்பக்கம் சரக்குனு எறங்கி, மூக்கைத் தூக்கி, அப்படியே சாஞ்சு போச்சு. குழாய் தெறிச்சு டேங்க் மொத்தமும் தண்ணியில கொட்டுது. குடலைப் பிடுங்குற நாத்தம். டீசல் வாடை. குமிழி வர்ற சத்தம் களக்... களக்... அதுக்கு நடுவுல கேபின் உள்ளேந்து கதவைத் தட்டுறான் டிரைவர்.

டப்.

கொஞ்சம் விட்டு... டப்.

ஒவ்வொரு தட்டு. நிப்பாட்டு, நிப்பாட்டுன்னு.

"யாராவது எறங்குங்க"ன்னு ஒருத்தர் சொன்னாராம். "நீங்க எறங்குங்களேன்"ன்னு இன்னொருத்தர். "இந்தத் தண்ணியிலயா?"ன்னு ஒரு குரல். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. ஏரியைக் காப்பாத்த வந்த பதினஞ்சு பேரும் நின்னாங்கடா. முழங்கால் நனைய ஒருத்தன் எறங்கலை! கொஞ்ச நேரத்துல தட்டுற சத்தம் நின்னு போச்சு. இவங்க பிடி தளர்ந்த நேரம் பாத்துக் கிளீனர் திமிறிக்கிட்டு ஓடினவன்தான், அப்புறம் அவனை யாரும் எங்கயும் பாக்கலை.

மறுநாள் கிரேன் வச்சுத் தூக்கினாங்க. டிரைவரோட வலது கை ஜன்னல் சந்துல சிக்கி வெளியே நீட்டிட்டு இருந்துச்சு. அந்தக் கையில சுண்டுவிரல் கிடையாது. எப்பவோ எதுலயோ நசுங்கினது போல. நாலே விரல். ஊரே பாத்துச்சு, கண்ணாடிக்காரரும் பாத்தார்.

ஆனா அதுக்கு முந்தியே, விடியறதுக்குள்ள, பல்டாக்டரம்மா கிளினிக்ல கதவைச் சாத்திட்டு ஒரு கூட்டம் போட்டாச்சு. அந்த மருந்து வாடைக்குள்ள எல்லாரும் நெருக்கியடிச்சு நின்னாங்க. அம்மா மோதிரக் கையால மேஜையைத் தட்டினாங்க. "சத்தம் கேட்டுத்தான் நாம வெளியே வந்தோம். யாரும் எதையும் தட்டலை. சரியா?" எல்லாக் கையும் மேலே எழுந்துச்சு. ஒத்துமைன்னா அப்படி ஒரு ஒத்துமை.

ரைட்டு. இப்போ கேளுங்க.

ஒரு வாரம் கழிச்சு, கடையை மூடிட்டு ராத்திரி வீட்டுக்கு வர்றார். வாசல்ல காரைத் திருப்பி நிறுத்த ரிவர்ஸ் எடுக்கிறார். பின்னால டப் டப்... யாரோ வீட்டு ஆள்தான் தட்டுறாங்கன்னு நெனச்சு, பழக்க தோஷத்துல வண்டியை விட்டுக்கிட்டே இருந்திருக்கார். டப் டப்... டப் டப்... வெல்டரோட அக்கா மாடியிலேந்து பாத்து அலறின அலறல்ல பிரேக் போட்டார். எறங்கிப் பாக்குறார். கார் வாசல்ல இல்லை. ரோட்டைத் தாண்டி, கரையைத் தாண்டி, பின்சக்கரம் ரெண்டும் தண்ணியில நிக்குது. பின்னால ஒருத்தரும் இல்லை. டிக்கி மேல சேத்துக் கை அடையாளம் ஒண்ணு. ஈரமா, அஞ்சு விரலும் பளிச்சுனு. சட்டையாலயே அதைத் துடைச்சுட்டு உள்ளே ஓடினார்.

அப்புறம் கடையில. கல்லாவுக்குப் பின்னால, சுவத்துக்குள்ள... டப் டப். அவர் கால் தானாப் பின்னால போவுது. ஷெல்ப் மேல சாஞ்சு அத்தனை பிரேமும் கீழே கொட்டிடுச்சு. கடைக்கு வந்தவங்க சிரிச்சாங்க. அவருக்குச் சிரிப்பு வருமா? எங்கேயோ டீசல் வாடை அடிக்குதாம்.

பயந்து போயி கமிட்டிக்காரங்ககிட்ட சொன்னார். ஒருத்தரும் உக்காருன்னு சொல்லலை. "உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சா எங்களையும் சேத்து இழுக்காதீங்க"ன்னாங்க. "தட்டினது நீங்க, சார். நாங்க தட்டலை"ன்னு பல்டாக்டரம்மா சொன்னாங்களாம். அன்னிலேந்து அந்த ரோட்டுல அவர் மூஞ்சியை யாரும் பாக்குறது இல்லை. அவர் வர்றார்னா ஜன்னல் சாத்துற சத்தம் வரிசையாக் கேக்கும். குழந்தையோட விளையாட ஒரு பிள்ளையும் வராது. எல்லாம் சேந்து வாரின குப்பையைவிடக் கேவலமாப் பாத்தாங்க அவரை.

எத்தனை நாள் தாங்குவார்? ஒரு சாயங்காலம் நடு ரோட்டுல நின்னு, எல்லா வீட்டுக்கும் கேக்குற மாதிரி கத்திட்டார். "நாளைக்குக் காலையில நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நான் தட்டினேன்னு சொல்லுவேன். நீங்க எல்லாரும் பாத்துட்டு நின்னீங்கன்னும் சொல்லுவேன்!"

அன்னிக்கு மட்டும் எந்த ஜன்னலும் சாத்தலை.

அன்னிக்கு ராத்திரி பெண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுப் படுத்திருக்கார். ரெண்டு தட்டு, ஒரு தட்டு... அந்தப் பாஷையையும் சொல்லியிருக்கார். அவங்க அழுதுட்டு, "போங்க. போயி சொல்லிடுங்க. நானும் கூட வரேன்"ன்னாங்களாம்.

அவருக்கு முழிப்பு வந்தப்போ... ரோட்டுல நிக்கிறார்.

நிக்கலை. நடக்கிறார். பின்னால நடக்கிறார். மூஞ்சி வீட்டுப் பக்கம், குதிகால் ஏரிப் பக்கம். உடம்பு அவர் பேச்சைக் கேக்கலை. கத்தணும்னு வாயைத் தெறக்குறார், காத்துதான் வருது. டப் டப்... டப் டப்... சத்தம் பின்னால ஏரியிலேந்து வரலை. முன்னால வீடுங்க பக்கமிருந்து வருது.

அப்பத்தான் நிமிந்து பாத்தார்.

அத்தனை பால்கனியிலயும் ஆளுங்க. தூக்கத்துல எழுந்து வந்த உடுப்போட, தலை கலைஞ்சு, கண்ணு மூடி இருக்கு. எல்லாரும் இரும்புக் கம்பி மேல கையை விரிச்சு, ஒரே நேரத்துல... டப் டப். ஒரே நேரத்துல உதடு அசையுது. சத்தமே இல்லாம... வரலாம்... வரலாம்... பல்டாக்டரம்மா மோதிரம் மட்டும் கம்பியில பட்டு டிங் டிங்குனு கேக்குது.

கணுக்காலுக்குத் தண்ணி வந்துடுச்சு. சில்லுனு. முழங்காலுக்கு வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் போனா அவங்களே தோண்டின பள்ளம்.

வெல்டரோட அக்கா அப்பத்தான் வெளியே ஓடி வந்தாங்க. கத்தினா அவருக்குக் கேக்காதுன்னு எப்படித்தான் தோணுச்சோ மகராசிக்கு! தகரக் கேட்டுல உள்ளங்கையை வச்சு, இருக்குற பலத்தை எல்லாம் சேத்து, ஓங்கி ஒரே ஒரு தட்டு.

டப்!

நின்னுட்டார்.

பால்கனிச் சத்தமும் நின்னு போச்சு. ஒவ்வொருத்தரா மெதுவாத் திரும்பி உள்ளே போயிட்டாங்க. கதவு சாத்துற சத்தம்கூட இல்லை.

காலையில கேட்டா, எல்லாரும் நல்லாத் தூங்கினோம்னாங்க. பல்டாக்டரம்மா வலது கையில துணி சுத்தியிருந்துச்சு. கேட்டதுக்கு, சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னாங்க. பால்காரருக்குக் காசு குடுக்க நீட்டின கையெல்லாம், வரிசையா, வீட்டுக்கு வீடு செவசெவன்னு செவந்திருந்துச்சு.

என்ன கேட்டே? ஸ்டேஷனுக்கா? யாருடா போவா! குழந்தையைத் தூக்கிட்டு, கட்டின துணியோட அன்னிக்கே வெல்டர் வீட்டுக்கு வந்து சேந்துட்டாங்க. இங்கேந்து எந்தப் பக்கம் போனாலும் ஏரி, குளம் ஒண்ணும் கிடையாது. அது ஒரு நிம்மதின்னு நெனச்சாங்க.

அந்த ஏரிக்கு இப்போ லாரி வர்றது இல்லை. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதாம், பறவை எல்லாம் வருதாம். கமிட்டிக்குப் பரிசுகூடக் குடுத்திருக்காங்க.

ஆனா இங்க ராத்திரி ரெண்டு மணி ஆனா கண்ணாடிக்காரர் தூக்கத்துல எழுந்து பின்னால நடக்க ஆரம்பிச்சுடுறார். கதவைப் பூட்டினா கதவுல முதுகை வச்சு முட்டிக்கிட்டே நிப்பார். ஓங்கி ஒரு தட்டு தட்டினாத்தான் திரும்பி வந்து படுப்பார். அக்கா பாவம், அவங்களுக்குத் தூக்கம் போயி எத்தனை காலமாச்சு! வெறும் சுவத்துல தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு. அதுக்குத்தான் வெல்டர், கட்டில் ஓரம் சுவத்தோட ஒட்டி நல்ல கனமான இரும்புத் தகடு ஒண்ணு போல்ட் போட்டு மாட்டிக் குடுத்தான். படுத்தபடியே கை நீட்டித் தட்டிக்கலாம்.

போன வாரம் பாத்தா தகடு புடைச்சுட்டு நிக்குது. உள்ளே வாங்கலை, கட்டில் பக்கமாப் புடைச்சிருக்கு. போல்ட் லூசாகிச் சுவர்ப் பூச்சு உதிருது. கழட்டி ஒடுக்கு எடுத்துத் தரலாம்னு நேத்து பட்டறைக்குத் தூக்கிட்டு வந்தான். பின்பக்கத்தைத் திருப்பினவன், அப்படியே கீழே போட்டுட்டான். சாக்கைப் போட்டு மூடிட்டு, இன்னிக்குச் சாயங்காலம் வேற தகட்டை மாட்டப் போயிருக்கான்.

ஆமா. அதுதான் இது. தள்ளி உக்காரு.

நானும் பாத்தேன். சுவத்தோட ஒட்டியிருந்த பக்கம் முழுக்க உள்ளங்கை பதிஞ்சிருக்கு, இரும்புல, ரெண்டு ரெண்டா. டிரைவர் ஆவிதான்டா அதுன்னு வெல்டர்கிட்ட சொன்னேன். அவன் என் கையைப் பிடிச்சு அந்தப் பள்ளத்துல ஒவ்வொண்ணா வச்சுக் காட்டினான். பெரிய கை, சின்ன கை, வயசான கை. ஒண்ணுல மோதிரம் பதிஞ்சிருக்கு. நாலு விரல் கை இருக்கான்னு தகடு பூரா தடவித் தடவிப் பாத்தேன்...

எல்லாம் அஞ்சு விரல்டா.