சுண்ணாம்பு வச்ச மரம்

வருசநாட்டிலிருந்து தேனிக்கு வந்த மாட்டுவண்டியில், எனக்கு எதிரே கோடாலியோடு இரண்டு மரவெட்டிகள்.

"மச்சான், நாம சுண்ணாம்பு வச்ச மரத்தையெல்லாம் சாய்ச்சுப்புட்டாக."

"விதைக்கு விட்ட மரத்தையா? தொடக்கூடாதுன்னுதானடா வச்சோம்!"

"புதுசா வந்த காண்ட்ராக்டர் ஆளுகளுக்கு, சுண்ணாம்பு வச்சிருந்தா வெட்டணும்னு கணக்காம்."

"ஊத்துக்கு மேல நின்னதுமா?"

"அதுதான் மொதல்ல. ஊத்து இப்பவே நூலாட்டம் வருது."

"ஏலே, ஊருக்கு அந்த ஒரு தண்ணிதான!"

முதலில் பேசியவன் கோடாலியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

வெற்றிலை போட்டுவிட்டு விரலை வேட்டியில் துடைத்திருந்தேன். தொடையில் வெள்ளையாக ஒரு கோடு. இனிமேல் எந்தச் சுண்ணாம்பை எவன் எப்படி எடுத்துக்கொள்வானோ? எச்சில் தொட்டு அவசர அவசரமாக அழித்தேன்.