புத்தகத்தைப் பாதியாக வெட்டிய நூலகர் அம்மாவுக்கு

"பின்பாதியக் குடுங்கன்னா குடுக்க வேண்டியதுதானே?"

"முன்பாதிய நான் இன்னும் கண்ணாலகூடப் பாக்கல சார். கதையில அண்ணன் ஏன் வீட்ட விட்டுப் போனான்? அத மொதல்ல சொல்லுங்க."

"அது படிக்க வேண்டிய விஷயம்."

"அப்ப அவன் திரும்பி வந்தானாங்கறதும் படிக்க வேண்டிய விஷயந்தான்."

வேதியியல் விரிவுரையாளருக்கும் கணக்குப் பிரிவு அம்மணிக்கும் நடந்த இந்தச் சண்டையைச் சிற்றுண்டிச்சாலையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. மூட்டிவிட்ட பெருமை முழுதும் உங்களையே சாரும், அம்மையீர். ஏடுகளின் ஏந்தலே, அடுக்குகளின் அரசியே, அபராதம் கேட்கையிலும் அன்பு குறையாத அன்னையே, வணக்கம்.

பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே நாவலைப் படித்து ஒருவரையொருவர் அறியட்டும் என்று அறிவித்த நீங்கள், வகுப்பறையில் இருப்பவர்களை மட்டும் எண்ணிப் பிரதிகள் வாங்கினீர்கள். அலுவலகம், விடுதி, பேருந்து, தோட்டம் எல்லாம் மறந்தே போயிற்று. தொடக்க விழாவில் பாதி அரங்கம் வெறுங்கையோடு உங்களைப் பார்த்தது. பக்கத்தின் முனை மடங்கினாலே முகம் சுளிக்கும் நீங்கள், பைண்டரின் கத்தியை வாங்கி ஒவ்வொரு பிரதியையும் நடுவில் வெட்டினீர்கள். முன்பாதி வகுப்பறைக்கு, பின்பாதி கணக்கில் விடுபட்டவர்களுக்கு.

பதிவாளர் கொதித்தார். "நூலகரே புத்தகத்த வெட்டுனா எப்படிம்மா? இதனால ஒரு சச்சரவு என் காதுக்கு வந்தாலும் திட்டத்த மூடிடுவேன்."

"பாதிக் கதையோட யாராலயும் சும்மா இருக்க முடியாதுங்கய்யா. மீதிக்கு ஆளத் தேடிப் போய்த்தானே ஆகணும்" என்றீர்கள்.

தேடித்தான் போனார்கள். கூடவே சண்டையும் வந்தது. சிற்றுண்டிச்சாலைக்குப் பதிவாளரும் வந்தார். கையில் டம்ளரோடு நீங்கள் வெளிறி நின்றதை நாங்கள் பார்த்தோம். எதைத்தான் பார்க்காமல் விட்டோம்? என்ன தகராறு என்று அவர் கேட்டார். விரிவுரையாளர் முன்பாதியைச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து அம்மணி தொடர்ந்து, முடிவுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார். பதிவாளரின் தேநீர் ஆறி ஆடை கட்டியது.

"அட, அண்ணன் வந்தானா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கம்மா."

"உங்களுக்குன்னு நான் அனுப்புன முன்பாதி உங்க மேசையிலதான் பிரிக்காமக் கெடக்குங்கய்யா. பின்பாதி உங்க டிரைவர்கிட்ட இருக்கு" என்றீர்கள் நீங்கள்.

அதன்பின் பதிவாளரின் கார் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றது. உள்ளே பேச்சு முடியவில்லை. திட்டத்தை மூடும் பேச்சும் எழவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரதிகள் போதுமான அளவு இருந்தும், வெட்டித்தான் கொடுங்கள் என்று எல்லோரும் உங்களிடம் அடம்பிடித்தார்கள்.

நலமும் வளமும் நீங்காது நீங்கள் நெடுநாள் வாழ்க. முழங்கால் வலி மட்டும் முன்கூட்டியே ஓய்வு பெறட்டும்.

சண்டைக்காரர்கள் இருவரும் மணமுடித்து வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அவர்களுடைய இரு பாதிகளையும் நீங்களே தைத்து அட்டை போட்டுப் பரிசளித்தீர்கள். நூலகப் பதிவில் அது இன்னும் இரவல்தான். இப்போது நீங்களும் பணி ஓய்வு பெற்று, வெளியூரில் தங்கை வீட்டோடு இருக்கக் கிளம்புகிறீர்கள். இம்மடலோடு இவ்வாண்டு நாவலின் முன்பாதியை வைத்திருக்கிறோம்.

பின்பாதி எங்களிடம் இருக்கிறது. தபாலில் அனுப்புவதாக இல்லை.

அன்புடன்,
அலமாரி இடுக்கில் நின்று அனைத்தையும் பார்த்த
நூலகப் பணியாளர்கள்