எட்டு நொடி எதிரொலி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் அண்ணாதுரை அவர்களே! ஏற்காட்டுப் பெரியோர்களே! நாகலூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து வந்திருக்கும் தாய்மார்களே! காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் இளவரசியின் பணிவான வணக்கம்.

நான் அமைத்த இசையை வாசிக்கும் ஆட்கள் எங்கே என்று முன்வரிசையில் கேட்கிறீர்கள். வயலினும் குழலும் முரசுமாக அறுபது வாத்தியங்கள் இந்த ஒற்றைக் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கின்றன. ஆனால் ஓசை உண்டானால் போதுமா? அது உலவ ஓர் இடம் வேண்டாமா? அதற்காகத்தான் எங்கள் காபிக் கிடங்கின் எதிரொலியைப் பதிவு செய்யப் போனேன். துணைக்கு என் வீட்டுக்காரர் பெரியநாயகம் வந்தார்.

பலூனை உடைப்பேன், அந்தச் சத்தத்தின் எதிரொலி அடங்கும்வரை எட்டு நொடி மூச்சுக்கூட விடக் கூடாது என்றேன். பொறுமைக்கும் அவருக்கும் என்ன உறவு? ஐந்தாம் நொடியில், "ஆச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். நான் பதிலே சொல்லாமல் முறைத்தேன். அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம் என்று கிளம்பிவிட்டோம். அடுத்த வாரம் வந்தது. நான் இருந்தேன், அவர் இல்லை.

அவர் பேச்சு விழுந்த அந்தப் பதிவையே கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு சுரமும் அந்தக் கிடங்குக்குள் ஒலிப்பதுபோல் அமைத்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி அப்துல் சமது இதோ ஓரமாக நிற்கிறார். போன வாரம் அவர் சொன்னார்: "ஏனுங்க அக்கா, வாசிக்கிற ஒவ்வொரு சுரத்தையும் அந்த எட்டு நொடியோட பெருக்கிப் பெருக்கி மிசின் திணறுதுங்க. மூணு நொடியோட வெட்டிட்டா நொம்ப லேசா ஓடும். அந்தப் பேச்சும் போயிருமுங்க."

எதை வெட்டுவது? அவர் படம் இருக்கிறது, வேட்டி இருக்கிறது, செருப்பு இருக்கிறது. குரல் வேறெங்கே இருக்கிறது? நாள்தோறும் போனில் பேசுகிறோமே, யார் பதிந்து வைக்கிறோம்? அந்தக் குரலுக்கு நான் ஏங்காத நாளில்லை.

ஆனாலும் வெட்டினேன். நீங்கள் திக்காத இசை கேட்க வேண்டுமே என்று, நேற்று அழுதுகொண்டே வெட்டினேன். கடைசி முரசடி ஒன்றுக்கு மட்டும் எட்டு நொடியையும் விட்டு வைத்திருக்கிறேன். ஓர் அடியை மிசின் தாங்கும் என்று தம்பியும் சொல்லிவிட்டார்.

ஆகையால் என் தாய்மார்களே, அந்த அடி விழுந்ததும் கை தட்டிவிடாதீர்கள். மங்கலாகத்தான் கேட்கும், ஆனால் ஐந்தாம் நொடியில் அவர் என்னிடம் கேட்பார். இந்த முறையாவது நான் பதில் சொல்ல வேண்டும்.

இடம் தந்த அவைக்கு நன்றி. எட்டு நொடி பொறுக்கப்போகும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.